ஆற்றில் குதித்த சம்மனசு

"மாமனார் சினிமா என்றாலே முகம் சுளிக்கிறார்; பிள்ளைகளோ சினிமா இல்லாமல் ஒரு நாளும் இருப்பதில்லை. நடுவில் நிற்கும் நான் யாருக்கு என்ன சொல்வது?" சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், தாய் ஒருவர் நம்மை வழிமறித்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் விடைக்காகக் காத்திருக்கவில்லை. அவருக்குப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். கேள்வி மட்டும் நம்மோடு வீடு வரை வந்துவிட்டது. இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

மாமனார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்று விலகிச் செல்ல, அவளை விடாது பின்தொடர்ந்து செல்பவனே வீரன் என்று எத்தனை படங்கள் நம் பிள்ளைகளுக்குக் காட்டியுள்ளன! கறுத்த நிறத்தையும் திக்குவாயையும் கேலி செய்யும் காட்சிகளுக்கு நாமும் குடும்பத்தோடு அமர்ந்து சிரித்திருக்கிறோம். சிரித்து முடித்தபின் அவை நம் உள்ளத்தில் எதை விட்டுச் சென்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை. சிரிக்கும்போது மனிதன் காவலைத் தளர்த்தி விடுகிறான். அந்நேரத்தில் உள்ளே நுழைவது எதுவாயினும் அவன் தடுப்பதில்லை. மாமனாரின் அச்சம் இதுவே.

ஆனால் அதே வாயில் வழியே நல்லதும் நுழையலாம் அல்லவா? 1936 ஜூன் 29-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றி 'விஜிலாந்தி கூரா' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அது தீய படங்களைக் கண்டிக்க எழுந்த மடல் என்பது மெய்யே. ஆயினும் உழைத்துக் களைத்த மக்களுக்குப் பொழுதுபோக்கு ஒரு தேவை என்பதையும், நல்ல திரைப்படம் மக்களை நன்னெறியில் ஆழமாக ஈர்க்க வல்லது என்பதையும் அம்மடல் ஒப்புக்கொள்கிறது. பிற்காலத்தில் திரையுலகம் நூற்றாண்டு கண்டபோது, 1995-ஆம் ஆண்டில், வத்திக்கானின் சமூகத் தொடர்புத் திருமன்றம் சமயம், வாழ்வின் விழுமியங்கள், கலை என்னும் மூன்று தலைப்புகளில் 45 படங்களைப் பட்டியலிட்டுப் பாராட்டியது. அவற்றுள் விழுமியங்கள் என்னும் தலைப்பின் கீழ் இடம்பெற்ற ஒரு படத்தைப் பற்றியே இங்குப் பேசப் போகிறோம். பிராங்க் காப்ரா இயக்கி 1946 டிசம்பரில் வெளிவந்த 'இட்ஸ் எ ஒண்டர்புல் லைப்' என்பது அதன் பெயர். 'வாழ்வு எத்துணை அற்புதமானது' என நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படத்தை நம் பங்கு மண்டபத்தில் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒரு மாலை திரையிட்டோம். ஒரு வெள்ளை வேட்டி, கடனாகப் பெற்ற புரொஜெக்டர் ஒன்று, ஆங்கிலம் அறியாதோர்க்குக் கதையை இடையிடையே தமிழில் எடுத்துரைக்க ஓர் இளம் ஆசிரியை. இவ்வளவே ஏற்பாடு. 'கறுப்பு வெள்ளைப் படமா?' என்று இளைஞர் சிலர் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து சென்றதையும் மறைக்க விரும்பவில்லை. எஞ்சியவர்கள் இறுதிவரை இருந்தனர்.

கதை ஒரு சிற்றூரில் நிகழ்கிறது. ஜார்ஜ் பெய்லி என்னும் இளைஞனுக்கு உலகைச் சுற்றிப் பார்க்கவேண்டும், பெரும் பாலங்களும் கட்டடங்களும் எழுப்பவேண்டும் என்பது கனவு. அவனுடைய தந்தை ஏழை எளியவர்கள் வீடு கட்டிக்கொள்ளக் கடன் வழங்கும் சிறு சங்கம் ஒன்றை நடத்துகிறார். ஜார்ஜ் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில் தந்தை இறந்துபோகிறார். சங்கத்தை விழுங்கக் காத்திருப்பவர் பாட்டர் என்னும் செல்வர். ஊரில் ஏறத்தாழ எல்லாமே அவர் கைக்குள். ஜார்ஜ் பொறுப்பேற்றாலன்றிச் சங்கம் மூடப்படும் என்ற நிலை. அவன் தங்கிவிடுகிறான். கல்லூரிக்கென வைத்திருந்த பணத்தில் தம்பி படிக்கிறான். ஒவ்வொரு முறையும் கதவு திறக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்காக இவன் வெளியேறாமல் நின்றுவிடுகிறான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இப்பாத்திரத்தை ஏற்றபோது உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். போருக்குப் பின் அவர் நடித்த முதற்படம் இது. அம்முகத்தின் களைப்பில் நடிப்பு எவ்வளவு, மெய் எவ்வளவு என்று பிரிக்க நம்மால் இயலவில்லை.

இவ்வாறு நாம் சொல்லும்போது கண்ணீர்க் கதை போலத் தோன்றும். படத்தின் பெரும்பகுதி சிரிப்பு என்பதே வியப்பு. பள்ளி நடன விழாவில் ஜார்ஜும் மேரியும் ஆடிக்கொண்டிருக்க, எவனோ ஒரு குறும்பன் பொத்தானைத் திருகுகிறான். நடன மேடை இரண்டாகப் பிளந்து, கீழே நீச்சல்குளம் தெரிகிறது! இருவரும் அதை அறியாமல் பின்னோக்கி ஆடி ஆடி விளிம்புக்கு வந்து தொப்பென்று விழுகிறார்கள். மற்றவர்களும் பின்னாலேயே குதிக்கிறார்கள். முதிய தலைமையாசிரியரும் குதிக்கிறார். நம் மண்டபத்தில் சிறுவர்கள் பாய்களில் உருண்டு சிரித்தனர். அத்தகைய மேடை கட்டுக்கதையன்று. கலிபோர்னியாவில் உள்ள பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் உண்மையாகவே அமைந்திருந்தது.

பணநெருக்கடிக் காட்சியிலும் இதே கைத்திறனைக் கண்டோம். திருமணம் முடிந்து தேனிலவுக்குப் புறப்பட்ட மணமக்கள் வண்டியில் செல்கிறார்கள். வழியில் சங்கத்தின் வாயிலில் கூட்டம். போட்ட பணத்தை உடனே திருப்பித் தரவேண்டும் என்று மக்கள் அலைமோதுகின்றனர். பணம் பெட்டியில் இல்லை, உங்கள் அண்டை வீட்டுக்காரரின் சுவர்களிலும் கூரையிலும் இருக்கிறது என்று ஜார்ஜ் எடுத்துச் சொல்கிறான். சீட்டுப் பணம் போட்டவர்களுக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் காத்து நின்றவர்களுக்கும் இக்காட்சி விளக்கமின்றியே புரிந்தது. மேரி தேனிலவுக்கென வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து நீட்டுகிறாள். முதலில் நின்றவர் பிடிவாதமாகத் தம் கணக்கில் உள்ள 242 டாலரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பின்னால் வருவோர் 20 போதும் என்கின்றனர். ஒரு முதிய பெண்மணி தயங்கித் தயங்கிப் பதினேழரை டாலர் கேட்கிறார். ஜார்ஜ் மகிழ்ச்சி தாங்காமல் அவருக்கு முத்தமிட்டு விடுகிறான். மாலை மணி அடிக்கையில் மிஞ்சியவை இரண்டே இரண்டு டாலர். அவ்விரண்டும் அப்பா டாலர், அம்மா டாலர் என்றும், பெட்டிக்குள் வைத்தால் பெருகும் என்றும் சொல்லிச் சங்கத்தார் ஊர்வலமாக எடுத்துச் சென்று பூட்டுகிறார்கள்.

பிறரன்பு, நம்பிக்கை, அளவோடு கேட்டல் என்று நாம் மறைக்கல்வி வகுப்பில் ஒருமணி நேரம் விளக்குவதெல்லாம் இக்காட்சியில் இருக்கிறது. ஆனால் எவரும் அவற்றைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நாம் அந்த ஊரைக் கண்டு சிரிக்கிறோம். சிரித்துச் சிரித்தே அதை நேசிக்கத் தொடங்குகிறோம். அந்த நேசத்தை இயக்குநர் சேமித்து வைக்கிறார். பிறகு ஒரே இரவில் அதைப் பறித்துக்கொள்ளும்போதுதான், இழந்தது என்னவென்று நமக்கு வலிக்கிறது.

அந்த இரவு, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவு. சங்கத்தின் 8,000 டாலரை வங்கியில் கட்டச் சென்ற மறதிக்காரச் சித்தப்பா, செய்தித்தாளுக்குள் பணம் இருப்பதை மறந்து, தாளைப் பாட்டரிடமே கொடுத்துவிடுகிறார். பாட்டர் கண்டுபிடித்தும் வாய் திறக்கவில்லை. அரசுத் தணிக்கையாளர் காத்திருக்கிறார். சிறை உறுதி. ஜார்ஜ் வேறு வழியின்றிப் பாட்டரிடமே உதவி கேட்டு நிற்கிறான். ஈடாக அவனிடம் இருப்பது 15,000 டாலர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒன்று. அதன் அன்றைய மதிப்பு 500 டாலர்தான். அப்படியானால் நீ உயிரோடு இருப்பதைவிடச் சாவதே இலாபம் என்ற பொருளில் கிழவர் நகைக்கிறார்.

இதன் பின் வரும் வீட்டுக் காட்சியையே படத்தின் உயிர்நிலை என்போம். வீட்டில் விழா அலங்காரம் நடக்கிறது. மூத்த மகள் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகுகிறாள். மகன் ஏதோ ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டிக் கேட்கிறான். இளைய மகள், பள்ளியில் பரிசாகப் பெற்ற மலர் கசங்காதிருக்க மேலங்கியைப் பொத்தானிடாமல் குளிரில் நடந்து வந்து, சளிபிடித்துப் படுத்திருக்கிறாள். நல்லவனான ஜார்ஜ், தன் குழந்தைகள் மீது எரிந்து விழுகிறான். ஏன் இத்தனை பிள்ளைகள் என்று மனைவியிடம் சீறுகிறான். குழந்தையின் ஆசிரியையைத் தொலைபேசியில் திட்டுகிறான். மேசைமேல் தான் ஆசையாகச் செய்து வைத்திருந்த பாலத்தின் மாதிரியை உதைத்து உடைக்கிறான். பிள்ளைகள் அதிர்ந்து நிற்கிறார்கள். உடனே மன்னிப்புக் கேட்கிறான். அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

மண்டபத்தில் அப்போது நிலவிய அமைதியை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. கடனைப் பற்றி மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், அதன் சூட்டை மட்டும் குழந்தைகள்மேல் கொட்டும் தந்தையர் நம் நடுவில் இல்லையா? உழவுக்கும் தொழிலுக்கும் மகள் திருமணத்துக்கும் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, விபரீத முடிவைத் தேடியவர்களின் வீடுகளுக்கு நாமும் சென்று அமர்ந்திருக்கிறோம். எவரும் நம்மிடம் முன்னதாகச் சொல்லவில்லையே என்று பிறகு வருந்தியிருக்கிறோம். வேடிக்கைப் படம் பார்க்க வந்த இடத்தில் அந்த நினைவு எதிரே வந்து நின்றது.

ஜார்ஜ் ஒரு மதுக்கடையில் அமர்ந்து, தான் செபம் செய்து பழகாதவன் என்று சொல்லிக்கொண்டே கடவுளிடம் வழி கேட்கிறான். அடுத்த கணம், அவன் திட்டிய ஆசிரியையின் கணவன் அருகிலிருந்து எழுந்து அவன் முகத்தில் குத்துகிறான்! செபித்ததற்குக் கிடைத்த பலன் இதுவா என்று அவன் கசப்போடு சொல்லும்போது நமக்கும் சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றும் விடுகிறது. அதன்பின் அவன் பனியில் ஆற்றுப் பாலத்தின்மேல் வந்து நிற்கிறான். குதிக்க நினைக்கும் வேளையில் அருகில் வேறொருவர் தண்ணீரில் விழுந்து உதவி கேட்டுக் கதறுகிறார். சாக வந்தவன் தன் நினைவை மறந்து, அவரைக் காப்பாற்றக் குதிக்கிறான்.

விழுந்தவர் அவனுக்கென அனுப்பப்பட்ட காவல் தூதர் கிளாரன்ஸ். நம் பாட்டிமார் வாயில் 'காவல் சம்மனசானவர்'. நான் உன்னைக் காப்பாற்றக் குதித்தேன், நீ என்னைக் காப்பாற்றினாய், ஆகவே நீ பிழைத்தாய் என்று ஈர உடையைக் கொடியில் காயப்போட்டவாறே அவர் விளக்குகிறார். அவர் அணிந்திருக்கும் பழங்கால உள்ளுடையும், விண்ணிலிருந்து வந்தவன் என்று கேட்டதும் நாற்காலியோடு சாயும் பாலக் காவலரும் குழந்தைகளை மீண்டும் சிரிக்க வைத்தனர். பெரியவர்களும் சிரித்தனர். அதற்குள் ஒரு பெரிய உண்மை அவர்களைக் கடந்து உள்ளே சென்றிருந்தது. ஜார்ஜை அந்த விளிம்பிலிருந்து திருப்பியது அறிவுரையன்று. இன்னொருவருக்கு அவன் தேவைப்பட்டான், அவ்வளவே. அவனை நன்கு அறிந்தே சம்மனசு அவ்வழியைத் தேர்ந்துகொண்டது.

இவ்விடத்தில் நம் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் எழுப்பிய தடையையும் குறிப்பிடவேண்டும். கிளாரன்ஸ் முன்னர் மண்ணுலகில் கடிகாரம் செய்தவராம். இறந்தபின் சம்மனசாகி, இன்னும் சிறகு கிடைக்காமல் காத்திருக்கிறாராம். இறந்த மனிதர் வானதூதர் ஆவதில்லை. அவர்கள் வேறு படைப்பு என்பதே நம் திருச்சபையின் போதனை. ஆசிரியர் கூறியது சரியே. குழந்தைகளுக்கு மறுநாளே விளக்கிவிட்டார். ஆனால் சிறகுக்காகக் காத்திருக்கும் அந்தக் கிழவரை அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பிறவாமலே இருந்திருக்கலாம் என்று ஜார்ஜ் சொல்ல, அவன் பிறவாத ஊரைக் கிளாரன்ஸ் காட்டுகிறார். சிறுவயதில் பனிக்கட்டி உடைந்து மூழ்கிய தம்பியை ஜார்ஜ் காப்பாற்றினான். அதில் தன் ஒரு காதின் கேள்வியை இழந்தான். அவன் இல்லாத உலகில் தம்பி ஒன்பது வயதிலேயே கல்லறையில் இருக்கிறான். அந்தத் தம்பி போரில் காப்பாற்றிய கப்பல் வீரர்களும் இல்லை. மகனை இழந்த துயரில் மருந்துக்குப் பதிலாக நஞ்சை நிரப்பிய மருந்துக்கடைக்காரரைத் தடுக்க ஆளில்லை. அவர் சிறை மீண்டு பிச்சையெடுக்கிறார். ஏழைகளின் வீடுகள் நின்ற இடம் இடுகாடு. மேரி மணமாகாமல் நூலகம் ஒன்றில் வேலை பார்ப்பதைப் பெரிய அவலமாகப் படம் காட்டுகிறது. இதை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. நம் பங்கில் அப்படி வாழும் சகோதரிகள் எவரைவிடவும் குறைந்து வாழவில்லை.

முடிவில் ஜார்ஜ் தன் வாழ்வைத் திரும்பக் கேட்கிறான். சட்டைப் பையில் குழந்தையின் மலரிலிருந்து உதிர்ந்த இதழ்கள் தென்படுகின்றன. தான் மீண்டுவிட்டதை அவற்றால் அறிகிறான். வீட்டில் கைது ஆணையோடு காவலர் நிற்கிறார். ஜார்ஜுக்கு அதுவும் மகிழ்ச்சியாகவே தோன்றுகிறது. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்ணிலிருந்து வந்த தூதர் ஒரு காசும் கொண்டுவரவில்லை. மேரி ஊரெல்லாம் ஓடிச் செய்தி சொன்னாள். உண்டியலிலும் பெட்டியிலும் சேர்த்து வைத்ததை மக்களே கொண்டுவந்து கூடையில் கொட்டினர். ஜார்ஜ் யாரிடமும் வாய்திறந்து சொல்லாததை அவள் எல்லாரிடமும் சொன்னாள். கடன் தீர்ந்தது இவ்வழியில்தான்.

இப்படம் வெளியானபோது போட்ட முதலைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. 1947-இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் குறிப்பொன்று, வங்கிக்காரரைக் கொடியவராகக் காட்டுவதால் இது பொதுவுடைமைப் பிரசாரமோ என்றுகூட ஐயுற்றது. 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஒளிபரப்பத் தொடங்கின. அவ்வாறே அது அமெரிக்க இல்லங்களின் கிறிஸ்து பிறப்பு வழக்கமாயிற்று.

காப்ராவின் கை நம் நாட்டுக்கும் எட்டியதுண்டு. அவர் 1936-இல் எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்னும் படத்தில், எதிர்பாராமல் பெருஞ்செல்வம் வந்தடைந்த நாட்டுப்புறத்தான் ஒருவன், அதை நிலமிழந்த உழவர்களுக்குப் பங்கிட முனைகிறான். அதற்காக அவனைப் பைத்தியம் என்று வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றனர். இக்கதையின் கருவைத் தழுவி அறிஞர் அண்ணா எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து 1949-இல் வெளிவந்ததே 'நல்லதம்பி'. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மறு ஆண்டு அது. குடியின் கேட்டை அப்படம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அதில் வரும் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். நந்தனார் சிதம்பரம் செல்ல ஏங்கியது போலக் கிந்தன் என்னும் ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்விக்காகப் பட்டணம் செல்ல ஏங்குகிறான். படித்துப் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தீண்டாமையைக் கண்டித்துக் கலைவாணர் மேடையில் முழங்கியிருந்தால் எழுந்து போயிருக்கக் கூடியவர்களும், அவர் காலட்சேபம் செய்தபோது இருந்து கேட்டார்கள்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொல்வது இதுவே: மாமனாரையும் பிள்ளைகளையும் ஒரே பாயில் அமரவைத்து ஒரு நல்ல படத்தைப் பாருங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டு, படம் என்ன சொல்கிறது என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள். அது தேர்வுத்தாள் போலாகிவிடும். எந்த இடத்தில் சிரித்தீர்கள், ஏன் சிரித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மாமனாரையும் கேளுங்கள்.

அன்றிரவு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருந்த ஒருவர் நம்மிடம் வந்தார். சிறுகடை வைத்திருப்பவர், கொஞ்ச நாளாகத் திருப்பலிக்கும் சரிவர வராதவர். "ஐயா, அந்தக் கிழவன் எட்டாயிரத்தைக் கடைசியில் திருப்பிக் கொடுத்தானா?" என்று கேட்டார். தீமை தண்டிக்கப்பட்டே தீரவேண்டும் என்று விதி வகுத்திருந்த காலத்து ஹாலிவுட்டில் எடுத்த படம். ஆயினும் பாட்டர் தண்டனை பெறுவதில்லை, பணத்தையும் தருவதில்லை. இல்லை என்றோம்.

"கொடுக்க மாட்டார்கள்" என்றார் அவர். பிறகு நாற்காலிகளை அடுக்க உதவினார். அடுக்கி முடித்தபின்னும் போகாமல் நின்றார். "உங்களிடம் கொஞ்சம் பேசவேண்டும், வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை" என்றார். ஆசிரியை சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். இரண்டு நாற்காலிகளை மீண்டும் எடுத்துப் போட்டோம்.